காலனிக் காலக் கப்பலை அகழ்வது எப்படி: கரையில் தொட்டி, பிறகு கடலில் குழி

இருநூறு ஆண்டுகள் சேற்றில் கிடந்த வார்ப்பிரும்புப் பீரங்கியைக் கடல் மெதுவாகத்தான் தின்கிறது. அதையே கரையேற்றி வெயிலில் காயவிட்டால், சில வாரங்களிலேயே ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும். கடல்நீர் இரும்பைக் கரைத்துக்கொண்டு போனபின் மேற்புறத்தில் மிஞ்சுவது பென்சில் கரி போன்ற மென்மையான கூடு. பீரங்கியின் உருவமும் முத்திரையும் எழுத்தும் அந்தக் கூட்டில்தான் இருக்கின்றன. அதற்குள் குளோரைடு உப்பு நிறைந்திருக்கும். காற்று பட்டதும் உள்ளே புதுத் துரு பிறந்து, ஊதி, கூட்டை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளும்.

ஆகவே அகழாய்வைத் திட்டமிடும்போது முதலில் கேட்க வேண்டியது, எடுத்ததை எதில் ஊறவைக்கப்போகிறோம் என்பதுதான். அதற்கு விடை இல்லாமல் கடலில் இறங்குவது கப்பலை இரண்டாம் முறை மூழ்கடிப்பதற்குச் சமம். நீரடிப் பண்பாட்டு மரபு குறித்த யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையும், இருந்த இடத்திலேயே பாதுகாப்பதைத்தான் முதல் வழியாகக் கருதச் சொல்கிறது. இந்த வழிகாட்டி மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய 8 முதல் 15 மீட்டர் ஆழச் சேற்றுக் கடலை மனதில் வைத்து எழுதப்பட்டது.

தொட்டிகள்

ஒரு பருவத்தில் 2 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள ஒரே ஒரு சோதனைக் குழி போடுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குக் குறைந்தது 200 லிட்டர் டிரம்கள் எட்டு, 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு, பீரங்கி வரும் என்று தெரிந்தால் நீளமான இரும்புத் தொட்டி ஒன்று வேண்டும். டிரம்முக்குத் தாராவியின் மறுசுழற்சிப் பட்டறைகளே போதும். நீல நிற டிரம்மை வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெய், சமையல் பொருள் இருந்தது பரவாயில்லை. அமிலமோ பூச்சிமருந்தோ இருந்தது வேண்டாம். கயிறு, சங்கிலி, கொண்டி எல்லாம் தாருகானாவில் கிடைக்கும். பம்பு, பிவிசி குழாய், வால்வுக்கு நாக்தேவி ஸ்ட்ரீட். காஸ்டிக் சோடாவுக்கும் சோதனைக்கூடப் பொருள்களுக்கும் பிரின்சஸ் ஸ்ட்ரீட்.

இரும்புக்கான ஊறல்நீர் 2 சதவீதக் காஸ்டிக் சோடா, அதாவது லிட்டருக்கு 20 கிராம். 3 மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலம், 80 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் மேலே 10 செ.மீ. விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 1,700 லிட்டர் பிடிக்கும். 34 கிலோ சோடா தேவைப்படும். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். அலுமினிய வாளி, கரண்டி எதுவும் அதன் அருகில் வரக்கூடாது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை வெளியிடும். தொட்டி, நீர், பீரங்கி எல்லாம் சேர்ந்தால் எடை 3 டன்னை நெருங்கும் என்பதால் தரைத்தளத்தைத் தவிர வேறு எங்கும் வைக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநகராட்சிக் குழாயில் வருவது ஏரி நீர், உப்புக் குறைவு. டேங்கரில் வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். டேங்கர் நீரில் பொருளை ஊறவைத்துவிட்டு உப்பு இறங்கவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. நீரில் கரைந்த உப்பைக் காட்டும், கைக்கு அடக்கமான டிடிஎஸ் மீட்டரை வாங்கி, ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் பாருங்கள்.

அனுமதியும் நாளும்

இது பொழுதுபோக்காகச் செய்யும் வேலை இல்லை. அகழ இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். மும்பையில் துறைமுக ஆணையம், கடற்படை, கடலோரக் காவல்படை ஆகியோரின் ஒப்புதலும் தேவை. நூறு ஆண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. அதை விற்க, வெளிநாட்டுக்கு அனுப்ப, வீட்டில் வைத்துக்கொள்ள நினைப்பவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இந்தியாவில் இந்தத் துறை சிறியது. கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் சுஞ்சி பாறைத்திட்டிலும் பூம்புகார்க் கடலிலும் கப்பல்களை ஆய்ந்திருக்கிறது. தொல்லியல் துறையின் நீரடிப் பிரிவு 2001இல் தொடங்கி, அடுத்த ஆண்டே லட்சத்தீவின் பங்காரம் அருகே பிரின்சஸ் ராயல் கப்பலை அகழ்ந்தது. இப்படிப்பட்ட குழுக்களின் மேற்பார்வையில் சேர்ந்து வேலை செய்வதே முறை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலை மறந்துவிடுங்கள். அக்டோபரிலும் கலங்கல் அடங்காது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரைதான் காலம்.

அதிலும் எல்லா நாளும் உதவாது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அந்த நீரோட்டத்தில் டைவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கலாமே தவிர வேலை செய்ய முடியாது. நல்ல காரியம் தொடங்க வேண்டாமென்று வீட்டில் தள்ளிவைக்கும் அஷ்டமி, நவமிதான் இந்த வேலைக்கு உகந்தவை. அஷ்டமி தொடங்கி ஏகாதசி வரை ஓட்டம் தணிந்திருக்கும். மும்பையின் மீனவர்களான கோலிகள் இதை ‘பாங்’ என்பார்கள். அவர்களின் தாண்டேலிடம், அதாவது படகுத் தலைவரிடம் கேட்டால் அச்சடித்த அட்டவணையைவிடத் துல்லியமாகச் சொல்வார். நீர் நின்று திரும்பும் இடைவேளை அரைமணி முதல் முக்கால்மணி நேரம். ஏற்றத்தின் உச்சியில் வரும் இடைவேளையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது வெளிக்கடல் நீர் உள்ளே வந்திருக்கும், பார்வை கொஞ்சம் கூடும். கூடும் என்றால் ஒரு மீட்டர்.

ஆள்களும் உயிரும்

துறைமுக நீரில் தோளில் சிலிண்டர் மாட்டி இறங்குவதைவிட, மேலிருந்து குழாய் வழியே காற்றும் பேச்சும் வரும் முறையே மேல். கண் தெரியாத இடத்தில் குரல்தான் கண். கழிவுநீர் கலந்த கடல் என்பதால் முழுமுக மாஸ்க் அவசியம். காதை ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் கழுவ வேண்டும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் அன்று படகில்தான். 18 மீட்டர் ஆழத்தில் முதல் இறக்கத்துக்கு ஒரு மணி நேரம்போல டைவர்களுக்கான நேர அட்டவணை தரும். அது சும்மா நீந்துபவருக்கான கணக்கு. சேற்றில் உடலை வருத்துபவருக்கு அதைக் கால் பங்காவது குறைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கீழே இருந்தால் இன்னொருவர் முழு உடையில் மேலே தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லையென்றால் யாரும் இறங்கக்கூடாது. மூழ்கியவருக்கு அழுத்த மாற்றத்தால் வரும் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே இருக்கிறது, எப்படிச் சேர்க்க வேண்டும் என்று பருவம் தொடங்கும் முன்பே பேசி எழுதி வையுங்கள். கொலாபாவின் ஐஎன்எச்எஸ் அஸ்வினி கடற்படை மருத்துவமனையோடு முன்கூட்டியே தொடர்புகொள்வது நல்லது.

இடத்தைக் கண்டுபிடித்து அளப்பது

கோலிகளின் வலை எங்கே சிக்கிக் கிழிகிறது என்பது முதல் தடயம். அடுத்தது காந்தமானி. 1 டன் இரும்பு 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 10 நானோடெஸ்லா அளவுக்குத்தான் காந்தப்புலத்தை அசைக்கும். தூரம் இரண்டு மடங்கானால் அது எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் காந்தமானியின் உணரியைக் கடல்தரையிலிருந்து 6 மீட்டருக்குள் இழுத்துச் செல்லுங்கள். வரிசைகளுக்கு இடையே 15 மீட்டருக்கு மேல் விடாதீர்கள்.

கண்டுபிடித்த பிறகு தோண்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, எல்லா அளவுக்கும் ஆதாரமாகும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நட வேண்டும். கப்பலைச் சுற்றி ஆறு புள்ளிகள், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளமுள்ள 40 மி.மீ. ஜிஐ குழாய். பாறைக் கடலுக்கு எழுதப்பட்ட கையேடுகள் ஒரு மீட்டர் கம்பி போதும் என்று சொல்லும். மும்பைச் சேற்றில் அது ஒரே வாரத்தில் சாய்ந்துவிடும். ஆறு புள்ளிகளுக்கு இடையே 15 தூரங்கள் வரும், அத்தனையையும் அளந்துகொள்ளுங்கள். நான்கைந்து அளவு போதுமே என்று தோன்றும். ஆனால் ஓர் அளவு தவறினால் எது தவறு என்று காட்டிக்கொடுப்பவை அந்த மிகுதி அளவுகள்தான். ஃபைபர்கிளாஸ் டேப்பை 20 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். ஓட்டத்தில் வில்லாக வளைந்து, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

ஆழத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். காலையில் 11 மீட்டர் காட்டிய அதே புள்ளி நண்பகலில் 14 காட்டும். நகர்ந்தது கடல்மட்டம்தான். ஆகையால் ஒரு புள்ளியை அடிப்படையாக வைத்து, முதலில் அதன் ஆழம், உடனே மற்றவை, கடைசியில் மறுபடி அதன் ஆழம் என்று பத்து நிமிடத்துக்குள் முடித்து, வித்தியாசத்தை மட்டும் குறியுங்கள். முதல் ஆழத்துக்கும் கடைசி ஆழத்துக்கும் இடையிலுள்ள மாற்றத்தைப் பகிர்ந்து கழித்துவிட்டால் போதும்.

குழியின் மேல் 2 மீட்டர் சதுரச் சட்டத்தை வையுங்கள். 25 மி.மீ. ஜிஐ குழாயில் துளை போட்டுச் செய்தால் நீர் புகுந்து அமிழும். நான்கு கால்களிலும் தட்டை இரும்புத் தகடு பற்றவைத்தால் சேற்றில் புதையாது. கயிற்றுக் கட்டம் வேண்டாம், இருட்டில் டைவரின் காலைச் சுற்றும்.

தோண்டுதல்

காற்றைச் செலுத்திச் சேற்றைத் தூக்கும் காற்றேற்றக் குழாய், நீரைப் பாய்ச்சிச் சேற்றை இழுக்கும் நீர் உறிஞ்சி என்று இரண்டு கருவிகள். மும்பைக்கு நீர் உறிஞ்சிதான் பொருத்தம். காற்றேற்றக் குழாய் சேற்றை மேலே தூக்கிக் கொட்டும், அது மழையாகத் திரும்பி உங்கள் தலையிலேயே விழும். தவிர, அதன் வாய் அடைத்துக்கொண்டால் குழாய் முழுதும் காற்று நிரம்பி, மிதவையாகி, பிடித்திருப்பவரையும் இழுத்துக்கொண்டு மேலே பாயும். அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் கீழே எடை கட்டி, வால்வை எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

நீர் உறிஞ்சியை நாக்தேவியில் வாங்கிய பொருள்களாலேயே செய்துவிடலாம். 110 மி.மீ. பிவிசி குழாய், ஒரு 45 டிகிரி வளைவு. வளைவின் முதுகில் துளையிட்டு, 40 மி.மீ. முனையைக் குழாயின் அச்சுக்கு நேராகப் பார்க்கும்படி பொருத்துங்கள். படகில் 3 அங்குல பம்பு, அங்கிருந்து கேன்வாஸ் குழாய் அந்த முனைக்கு. வேகமாகப் பாயும் நீர் தன் பின்னால் வெற்றிடத்தை உண்டாக்கி, வளைவின் வாயிலிருந்து சேற்றை உறிஞ்சும். வாயில் ஒன்றரை மீட்டர் வளையும் குழாயும் ஒரு வால்வும் இருக்கட்டும். வெளியேற்றும் குழாயை ஓட்டத்தின் கீழ்ப்புறமாக 8 முதல் 10 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய், கடைசியில் இருபுறமும் நீர் பிரியும்படி டி வடிவத் துண்டு மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் பம்பை முடுக்கியதும் குழாய் பின்னுக்கு உதைத்து, சட்டத்தையே தள்ளிவிடும். டி துண்டின் இரு வாயிலும் 5 மி.மீ. கண்ணுள்ள வலைப்பை கட்டுங்கள். கை தவறிப்போகும் மணி, ஆணி, நாணயம் அங்கே சிக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் புதுப் பை, புது எண்.

மும்பைக் கடலில் பம்பு நிற்பதற்கான முதல் காரணம் பிளாஸ்டிக் பை. பம்பு கடல்நீரை உறிஞ்சும் முனையைச் சுற்றி இரண்டடி அகலக் கம்பிக்கூடை கட்டிவிடுங்கள்.

தோண்டுவது கையால்தான். கருவி, கலங்கிய சேற்றைக் கொண்டுபோக மட்டும். வாயைத் தரையிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்து, உள்ளங்கையால் விசிறி மண்ணை எழுப்பி அதன் பக்கம் அனுப்புங்கள். களிமண் கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்த பிறகே விடுங்கள். 10 செ.மீ. அடுக்கு முடிந்ததும் நிறுத்தி, அளந்து, வரைந்து, பிறகே அடுத்தது. குழியின் ஓரத்தைச் செங்குத்தாக விட்டால் இரவில் சரியும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு இரண்டு மீட்டராவது சரிவு விட்டு, மணல்மூட்டை அடுக்குங்கள். ஓரத்தின் அடியில் ஒருபோதும் குடையாதீர்கள். பொருளும் போகும், ஆளும் புதைவார்.

எழுதி வைத்தல்

வரைதாள் பிலிமும் சாதாரணப் பென்சிலும்தான் நீரில் நிற்கும். எண் கட்டாத பொருளைத் தரையிலிருந்து அசைக்கவே கூடாது. பார்வை ஒரு மீட்டருக்கு மேல் கிடைத்தால் ஒன்றின் மேல் ஒன்று 80 சதவீதம் படியும்படி படங்கள் எடுத்து முப்பரிமாண மாதிரி செய்யலாம். கிடைக்காத நாளில், நல்ல நீர் நிரப்பிய கெட்டியான தெளிந்த பையைக் கேமராவுக்கும் பொருளுக்கும் இடையில் அழுத்திப் பிடித்தால் கலங்கலைத் தாண்டிப் படம் விழும். விளக்கைக் கேமராவோடு ஒட்டி வைக்காமல் கையெட்டும் தூரத்துக்குப் பக்கவாட்டில் தள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் தொட்டுத் தொட்டு 1:10 அளவில் வரையுங்கள். நன்கு பழகிய விரல் வரைந்த படம் மங்கலான நூறு புகைப்படத்தைவிட மேல்.

எதைத் தேட வேண்டும்? முதலில் மரம். ஏராவும் (கப்பலின் அடிமரம்) வங்கும் (விலாச் சட்டம்) தேக்கா, ஓக்கா என்று பாருங்கள். ஓக் என்றால் ஐரோப்பியத் துறையை நினைக்கலாம். தேக்கு என்றால் பம்பாய் உள்ளிட்ட இந்தியத் துறைகள் கணக்கில் வரும். கப்பல் கட்டுநர் லவ்ஜி வாடியா 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தபின் அவர் குடும்பம் கட்டிய தேக்குக் கப்பல்களில் 1817ஆம் ஆண்டின் டிரிங்கமலி இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. அடுத்து, அடிப்பலகையில் அடித்த தகடு. பிரிட்டிஷ் கடற்படை 1761இல்தான் செம்புத் தகட்டைச் சோதித்துப் பார்த்தது. தகட்டில் செம்போடு 40 சதவீதம்போலத் துத்தநாகமும் இருந்தால் அது 1832இல் காப்புரிமை பெற்ற மன்ட்ஸ் உலோகம். அந்தத் தகடு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. பொருளின் மேல் அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் சொத்து. இதய வடிவுக்குள் எழுத்து இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனி. பூம்புகார்க் கப்பலில் ஈயக்கட்டிகள் மேல் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் இருந்ததால்தான் அதன் காலம் பிடிபட்டது.

சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து இறுகிய கட்டிகளை நீருக்கடியில் உடைக்க வேண்டாம். உள்ளே இரும்பு முழுதும் கரைந்துபோய், அதன் வடிவம் மட்டும் வெற்றிடமாக நிற்கும். கரையில் எக்ஸ்ரே எடுத்து, எபாக்சி ஊற்றி வார்த்தால் ஆணியும் பூட்டும் அச்சாக வெளிவரும்.

தூக்குதல்

சிறு பொருளை மூடியுள்ள பெட்டியில் அடிச்சேற்றோடு வைத்து, கீழேயே மூடிவிட்டுத் தூக்குங்கள். திறந்த கூடை நீர்மட்டத்தைத் தாண்டும் நொடியில், வடியும் நீரே பீங்கானை அடித்துச் செல்லும். 1 டன் வார்ப்பிரும்பு கடல்நீரில் ஏறக்குறைய 860 கிலோதான். ஆனால் சேற்றின் பிடி அதில் பாதியைக் கூட்டும். பீரங்கியின் அடியிலுள்ள சேற்றை முதலில் கிளப்பிப் பிடியைத் தளர்த்துங்கள். 10 மீட்டரில் நிரப்பிய காற்றுப்பை மேலே வருவதற்குள் இருமடங்காக விரியும், வேகமெடுக்கும், கட்டுக்கு அடங்காது. பையால் தரையை விட்டுக் கிளப்பினால் போதும். மீதியைப் படகின் கிரேன் பார்த்துக்கொள்ளட்டும். பீரங்கியின் இரு இடத்தில் பட்டைக் கயிறு போடுங்கள், சங்கிலி மேற்கூட்டைச் சுரண்டிவிடும்.

கரையில்

இரும்பு, செம்பு, ஈயம், மரம், மண்பாண்டம் எல்லாம் தனித்தனி டிரம். மண்பாண்டத்தை முதலில் கடல்நீரில், பிறகு பாதிக்குப் பாதி, பிறகு கால் பங்கு, பிறகு நல்ல நீர் என்று படிப்படியாக மாற்றி, வாரம் ஒருமுறை நீரின் மின்கடத்துத்திறனைக் (உப்பு கூடினால் அதுவும் கூடும்) குறித்து வாருங்கள். எண் இறங்காமல் நிற்கும் வரை நிறுத்தாதீர்கள். கண்ணாடி காய்ந்தால் வானவில் நிறத்தில் உரிந்துவிடும். ஈயத்தைக் காய்ச்சி வடித்த நீரில் போடக்கூடாது. மர அலமாரியிலும் வைக்கக்கூடாது, மரத்தின் அமில ஆவி அதை வெள்ளைப் பொடியாக்கும்.

பீரங்கிக்கு மின்னாற்பகுப்பு, அதாவது ஊறல்நீரில் மின்சாரம் செலுத்திக் குளோரைடை வெளியே இழுப்பது. எதிர்முனை பீரங்கியில், நேர்முனை மென்னிரும்பு வலையில். மின்னோட்டம் சதுர செ.மீட்டருக்கு 1 மில்லிஆம்பியரில் தொடங்கட்டும். அவசரப்பட்டு ஏற்றினால் ஹைட்ரஜன் குமிழிகளே கூட்டை உரித்துவிடும். இரு முனையும் மாறிப்போனால் கரைவது பீரங்கி. அதனால் சிவப்பு, கறுப்பு வயர்களில் பெயர் எழுதிக் கட்டி, தினமும் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். மின்வெட்டு வந்தால் பதற வேண்டாம், காஸ்டிக் நீர் அதுவரை காக்கும். அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும், பீடி கூடாது. குளோரைடு இறங்கி நிற்க இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஆகலாம். அதன்பிறகு டானிக் அமிலமும் மெழுகும்.

மரத்தை மட்டும் எடுக்காமல் இருக்கவே பரிந்துரை. சுவீடனின் வாசா கப்பலை 1961இல் தூக்கிவிட்டு, மரத்தில் நீர் இருந்த இடத்தை நிரப்பும் பாலிஎத்திலீன் கிளைக்காலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். அத்தனை ஆண்டுக்குப் பணமும் கூரையும் இல்லாதவர்கள் வங்குகளை அளந்து, சிறு மாதிரி மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுவதே நேர்மை.

மூடுவதும் வேலையின் பகுதிதான். மரத்தின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன் மேல் மணல்மூட்டை, எல்லாவற்றுக்கும் மேல் அரைமீட்டர் சேறு. அதற்குக் குறைந்தால் காற்று கலந்த நீர் எட்டி, கப்பல்புழு துளைக்கத் தொடங்கும். புதைத்த இடத்தின் ஓரத்தில் புது மரக்கட்டைகள் நான்கைச் செருகி எண் கட்டுங்கள். ஆண்டுக்கு ஒன்றாக உருவி, குறுக்கே அறுத்துப் பார்த்து, புழுத்துளை தெரிந்தால் அந்தப் பருவத்திலேயே மூட்டைகளைக் கூட்டுங்கள்.